பந்தி நடுவே ஒரு தீயணைப்பு வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரு தீயணைப்பு வண்டியைச் சிறைப்பிடித்தோம்.

போராட்டமா? இல்லை. கோரிக்கையா? அதுவும் இல்லை. பிரியாணி.

இப்போதே சிரித்துவிடாதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். நான் சொல்வேன், மருமகள் நிர்மலா எழுதுவாள். இந்த வாரம் அவள் பேனாவைத் திறக்கவே மாட்டேன் என்றாள். "அத்தே, இது நம்ம தெரு மானம் போற கதை. வேற எதுனா சொல்லுங்க."

அடிப் பாவி, மானம் போகாத கதையை யார் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார்கள்?

தங்கச் சுரங்க ஊரான கே.ஜி.எஃப்.பில், ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் எதிர்வீடு ஸ்டெல்லாவுடையது. என்னைவிடச் சின்னவள், ஆனால் குரல் என்னைவிடப் பெரியது. அன்றைக்கு அவள் பேத்திக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். கோயிலில் பூசை முடிந்து, வெள்ளைக் கவுனும் தலையில் பூ முடியுமாகக் குழந்தை வீடு வந்துவிட்டது. தெருவின் பாதியை அடைத்து ஷாமியானா. ஓரத்தில் கல் கூட்டிய அடுப்பு, அதன் மேல் அண்டா, அண்டா வாயில் தட்டு, தட்டின் மேல் தணல். தம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தண்ணீருக்கு டேங்கர் சொல்லியிருந்தாள். எங்கள் ஊர் விசேஷத்தில் மாலையை மறந்தாலும் மன்னிப்பு உண்டு, டேங்கரை மறந்தால் கிடையாது. பாஷா என்கிற நல்ல மனிதர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, தம் உடைக்கும் நேரத்துக்காக அண்டாவைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நந்திதுர்க்கிலிருந்து ஸ்டெல்லாவின் தங்கை குடும்பம், பெங்களூரிலிருந்து மகன்கள், நாங்கள்... எல்லோரும் வந்தாயிற்று. வராதது என் சம்பந்தியம்மா ரத்னம்மாவும் அவர் வீட்டாரும்தான்.

ரத்னம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மகள் சுமதி தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்த்தாள். அதே ரயிலில் பூதிகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவனும் போனான். ரயில் கூட்டத்தில் சீட் பிடித்துக் கொடுத்தான், பிறகு மனசையும் பிடித்துவிட்டான். அவன் அம்மாதான் ரத்னம்மா. வீட்டில் கன்னடம், மாட்டோடு தெலுங்கு, என்னோடு தமிழ். அவருக்கு எங்கள் ஊர் மேல் ஒரு நிரந்தர இளக்காரம். "உங்க ஊர்ல இன்னா இருக்குது சம்பந்தி? நிலமா, மாடா? தங்கம் எடுத்துட்டு மண்ணக் கொட்டி வெச்ச ஒரு சயனைட் மேடு. அதுல புல்லு கூட மொளைக்காது." நானும் விடமாட்டேன். "உங்க ஊர்ல இன்னா இருக்குது? பஸ்ஸு கூட யோசிச்சி யோசிச்சிதான் வருது."

ஸ்டெல்லாவே போன் போட்டு அவரைக் கூப்பிட்டாள். "மாட்ட யாரு பாத்துப்பாங்க?" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மாடுகளும், தொழுவத்தை ஒட்டி நிற்கும் இரண்டு ராகி வைக்கோல் போர்களும்தான் அவர் உலகம். மழை வந்து பச்சை முளைக்கும் வரை மாடுகளுக்கு அந்த இரண்டு போர்தான் சோறு. அதைக் காவல் காக்கிற அழகைப் பார்த்தால், எங்கள் ஊர் சுரங்கத்தில் தங்கத்தைக்கூட அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

சரி, விருந்துக்கு வருவோம்.

தம் உடைக்கப் போகிற நேரம். ஸ்டெல்லா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மெத்தைக் கடை. ஞாயிறு என்பதால் ஷட்டர் இறங்கியிருந்தது. ஷட்டருக்கு அடியிலிருந்து புகை. முதலில் எல்லோரும் அண்டாவைத்தான் பார்த்தோம், அடி பிடித்துவிட்டதோ என்று! பாஷாதான் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "யம்மா, இது கறி வாசன இல்ல. பிளாஸ்டிக்."

அப்புறம் என்ன... ஓட்டம்தான். குழந்தைகளைத் தூக்கு, சிலிண்டரை வெளியே உருட்டு. ஸ்டெல்லா மட்டும் பிரியாணி அண்டாவை விட்டு நகர மாட்டேன் என்று நின்றாள். நாலு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போன பிறகுதான் அவளும் போனாள்.

எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் பஞ்சும் ஃபோமும் இருக்கிறதே, அது மாமியார் கோபம் மாதிரி. முன்பக்கம் அணைத்தால் பின்பக்கம் புகையும். ஷட்டரை உடைத்து உள்ளே தண்ணீர் அடிக்க அடிக்க, கறுப்புப் புகை ஸ்டெல்லா வீட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு மேலே போனது. வண்டித் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஒருவர் வயர்லெஸ்ஸில் பேசினார். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் இன்னொரு சைரன். பக்கத்து ஊர் ஸ்டேஷன் வண்டி!

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகள் வேலைக்கு என்னால் வம்பு வரக் கூடாது. தப்பு எங்களுடையது. 'பக்கத்து ஊர் வண்டி' — அவ்வளவுதான் அதன் பெயர்.

ஸ்டெல்லா என் கையைக் கிள்ளினாள். "அக்கா, நம்ம தெருவுக்கு ரெண்டு வண்டிக்கா!" வீட்டுச் சுவர் கருகிக்கொண்டிருக்கிறது, அவள் குரலில் பெருமை! என்ன மாதிரி ஊர் பாருங்கள்.

இரண்டு வண்டியும் சேர்ந்து ஒருவழியாக அணைத்தார்கள். யாருக்கும் ஒரு காயமில்லை. கடை போயிற்று, பாவம், அந்தக் கடைக்காரரும் அங்கேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டெல்லா வீட்டுக்குச் சுவர் மட்டும்தான் கறுப்பு. மிச்சப் புகையைப் பார்த்துக்கொள்ள எங்கள் ஊர் வண்டி நின்றது. பக்கத்து ஊர் வண்டி போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதன் தலைவர் பெரிய மீசை வைத்தவர். மீசை சார் என்றே சொல்கிறேன். அவர் வயர்லெஸ்ஸை எடுத்து, "நெருப்பு அணைஞ்சாச்சு, நாங்க கிளம்பறோம்" என்று கன்னடத்தில் தகவல் சொன்னார். பொய்யில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் இருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நாங்கள் அங்கே இல்லாமலிருந்தால்.

எங்கள் ஊர் ஜனங்களுக்கு ஒரு வழக்கம். சுரங்கம் ஓடின நாளில், ஒரு ஷாஃப்டில் விபத்து என்றால் வேறு சுரங்கத்திலிருந்து ரெஸ்க்யூ ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவர்கள் கேஜ் என்கிற கூண்டில் மேலே ஏறி வரும்போது, அந்தச் சுரங்க லைன் வீட்டுப் பெண்கள் டீயும் சோறுமாக வாசலில் நிற்பார்கள். நம் கஷ்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவன் வெறும் வயிற்றோடு திரும்பக் கூடாது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்த வழக்கத்தை மூட ஒரு அதிகாரியும் வரவில்லை.

அதனால் என்ன செய்தோம்? மடக்கு டேபிளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டோம். எங்கே? வண்டிக்கு முன்னால். வேறு எங்கே போடுவது? ஒரு பக்கம் ஷாமியானா, மறுபக்கம் சாக்கடை, பின்னால் எங்கள் ஊர் வண்டி. தெருவில் காலியாக இருந்த ஒரே இடம் அந்த வண்டி போக வேண்டிய இடம்தான்.

மீசை சார் இறங்கி வந்தார். "பேடம்மா, பேடா! வேணாம்மா, நாங்க போகணும். அங்க எங்க ஏரியா காலியா இருக்குது."

நான் சொன்னேன். "ஏரியா எங்க சார் ஓடிப்போவுது? அது அங்கியேதான் இருக்கும். நீங்க குந்துங்க."

"ட்யூட்டிம்மா..."

"ட்யூட்டி பாத்துட்டுதானே நெருப்ப அணைச்சீங்க? அப்பால இன்னா?"

ஸ்டெல்லா பேத்தியை இழுத்து முன்னால் நிறுத்தினாள். கவுனில் கரி, தலையில் பூ முடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. "இந்தக் கொழந்தைக்கு இன்னிக்குப் புதுநன்ம சார். நீங்க சாப்டாம போனா இதுக்கு நல்லா இருக்குமா? நீங்களே சொல்லுங்க."

மீசை சார் திரும்பி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் இன்ஜினை எப்போதோ அணைத்துவிட்டு டேபிள் பக்கம் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். எந்த ஆபீஸாக இருந்தாலும் டிரைவர்தான் முதலில் கட்சி மாறுகிறார், கவனித்திருக்கிறீர்களா?

"ரெண்டே நிமிஷம்" என்றார் மீசை சார்.

பிரியாணிப் பந்தி ரெண்டு நிமிஷத்தில் முடிந்ததாக உலகத்தில் எங்காவது உண்டா?

இலை போட்டோம். பிரியாணி, கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயத் தயிர்ப் பச்சடி. மீசை சாருக்கு நான்தான் பரிமாறினேன். நல்லி எலும்பாகப் பார்த்துப் போட்டேன். முதல் வாய் உள்ளே போனதும் அந்த முகத்தில் இருந்த ட்யூட்டி கொஞ்சம் தளர்ந்தது. சும்மா இருப்பேனா நான்? கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

"இன்னா சார், நீங்க இங்க வந்துட்டா உங்க ஊர யாரு பாத்துப்பாங்க?"

"அதுக்குத்தாம்மா மூணாவது ஊர் வண்டி வந்து எங்க ஸ்டேஷன்ல நிக்கும்."

"அப்போ அந்த மூணாவது ஊரு?"

"அதுக்கு நாலாவது ஊர் வண்டி தயாரா இருக்கும். அப்படியே போய்கினே இருக்கும்மா, பெங்களூர் வரைக்கும். யாரு எங்க நகரணும்னு கண்ட்ரோல் ரூம்ல பாத்து சொல்லுவாங்க. எந்த ஊரும் காலியா இருக்கக் கூடாது."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது! காலை ரயிலில் பார்த்திருப்பீர்களே, ஒருத்தர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் நகர்வார், அவருக்குப் பக்கத்தில் இருப்பவரும் நகர்வார், கடைசியில் நிற்கிற ஒருத்திக்கு இடம் கிடைக்கும். அது மாதிரி ஒரு மாநிலமே நகர்கிறது! எங்கள் தெரு மெத்தை புகைந்ததற்கு, எங்கோ முகம் தெரியாத ஒரு ஊரில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. "ஏய் ஸ்டெல்லா, கேட்டியா? நமக்கோசரம் பெங்களூரு வரைக்கும் நகந்து குந்தறாங்களாம்!" என்று கத்தினேன். ஸ்டெல்லா அதற்கும் பெருமைப்பட்டாள்.

"அப்போ அந்த மூணாவது ஊர் வண்டி இப்போ உங்க ஸ்டேஷன்லதான் நிக்குதா?"

மீசை சார் மென்றுகொண்டே சொன்னார். "இல்லம்மா. நாங்க கிளம்பறோம்னு சொன்னதும் அவங்கள அனுப்பிச்சிருப்பாங்க. அவங்க ஊருக்குப் போயிகினு இருப்பாங்க."

"நல்லதாப் போச்சு. பாவம், அவங்களாவது வீட்டுக்குப் போயி சாப்டட்டும்" என்று இன்னொரு கரண்டி போட்டேன்.

நான் சொன்னதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த நிமிஷத்தில் அந்தப் பக்கத்து ஊர் ஸ்டேஷனில் வண்டி இல்லை. அந்த வண்டி வந்துகொண்டிருப்பதாகக் கண்ட்ரோல் ரூம் நம்புகிறது. அது எங்கள் பந்தியில் நிற்கிறது. ஒரு தாலுக்கா முழுக்கக் காலி. நான் தொக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் இடுப்பில் இருந்த போன் அடித்தது. சுமதி.

"அம்மா! போர் பத்திக்கிச்சும்மா! பக்கத்து வயல்ல யாரோ குப்பைய கொளுத்தியிருக்காங்க, காத்துல பொறி வந்து வுழுந்துடுச்சு. அத்தை மாட்ட அவுத்துகினு இருக்காங்க. ஒரு போர் எரியுது, இன்னொண்ணு பக்கத்துலியே இருக்குது, தொழுவம் அதுக்கும் பக்கத்துல..."

"ஃபயர் வண்டிக்கு போன் பண்ணியா?"

"பண்ணிட்டோம். வண்டி உங்க ஊருக்குப் போச்சாம். அங்கேர்ந்து கிளம்பிட்டாங்களாம், வழியில வந்துகினு இருக்காங்களாம். எந்த வழிம்மா? அவர் பைக்க எடுத்துகினு மெயின் ரோட்லியே நிக்கறாரு. ஒண்ணுமே காணோம்மா!"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

வழியில் வந்துகொண்டிருந்த வண்டி என் முன்னால் நின்றுகொண்டிருந்தது. சிவப்பாக, பெரிதாக, அதன் மூக்குக்கு நேரே ஒரு மடக்கு டேபிள். மீசை சார் கையில் நல்லி எலும்பு.

அதே நேரத்தில் வண்டிக்குள் வயர்லெஸ் கரகரவென்று கத்தியது. அவர் எலும்பைப் போட்டுவிட்டு எழுந்த வேகத்தில் இலை பறந்தது. வயர்லெஸ்ஸில் அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான், மறைக்காமல் சொன்னார். "நாங்க இன்னும் கே.ஜி.எஃப்.லதான் இருக்கோம்." அந்தப் பக்கம் யாரோ வேகமாகப் பேசினார்கள். வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மூணாவது ஊர் வண்டியைப் பாதி வழியில் திருப்புகிறார்கள் என்று டிரைவர் சொன்னார்.

டேபிளை இலையோடு தூக்கினோம். ஆனால் வண்டியில் தண்ணீர்? எல்லாம் மெத்தைக்குப் போயிற்று. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது... பாஷா. வாயில் சோறு, பின்னால், மெத்தை எரிந்த கலவரத்தில் எங்கள் ஒருவருக்கும் ஞாபகம் வராத முழு டேங்கர்.

"அது என் வீட்டு விசேஷத்துத் தண்ணி" என்றாள் ஸ்டெல்லா. சொல்லி வாய் மூடவில்லை, அவளே ஓடிப்போய் டேங்கர் குழாயைப் பிடித்து இழுத்தாள். "நிக்கிறீங்களே, புடிங்கய்யா! அண்டாவ நாளைக்குக் கழுவிக்கலாம்."

வண்டி நிறைந்தது. டேங்கரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. "அதையும் ஓட்டிகினு எங்க பின்னாடியே வாங்க" என்றார் மீசை சார். வைக்கோல் போர் எரிந்தால் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் போதாதாம்.

நான் டேங்கரின் முன் சீட்டில் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள் நான்.

"யம்மா, நீ இன்னாத்துக்கு?" என்றார் பாஷா.

"எரியறது என் பொண்ணு வூட்டுப் போரு. ஓட்டு."

பாஷா சாவியைத் திருப்பினார்.

வழியெல்லாம் நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தேன் என்றால் நிர்மலா நம்பமாட்டாள், நீங்களாவது நம்புங்கள். ரத்னம்மாவின் மாடுகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. போர் போனால் கோடை முழுக்க அவற்றுக்கு என்ன போடுவார்? தொழுவம் பிடித்துக்கொண்டால்? சுமதி இனிமேல் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்? 'உன் அம்மா பந்தி போட்டதால்' என்று ஒருவர் சொன்னால் போதுமே. தூரத்தில் புகை தெரிந்ததும் பாஷா ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதித்தார். நான் தடுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மூணாவது ஊர் வண்டி அங்கே நின்றது. பாதி வழியில் திரும்பி எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒரு போர் போய்விட்டது. கறுப்புக் குவியல், நடுவில் சிவப்புக் கண். இரண்டாவது போரை நனைத்துக் காப்பாற்றி வைத்திருந்தார்கள், ஆனால் அதன் வயிற்றுக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அவர்கள் வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. வந்த ஆட்களும் ஊர்க்காரர்களும் கவைக்கோலால் வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கி வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். தொழுவம் அப்படியே இருந்தது.

அந்த நேரத்துக்குத்தான் எங்கள் இரண்டு வண்டித் தண்ணீரும் போய்ச் சேர்ந்தது. குழாயைப் போட்டார்கள். உஸ்ஸென்று ஆவி.

ரத்னம்மா வேப்ப மரத்தடியில் நின்றார். இரண்டு கையிலும் மாட்டுக் கயிறு. டேங்கரிலிருந்து பின்பக்கமாக, காலைத் துழாவித் துழாவி நான் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சம்பந்தி... ஃபயர் சர்வீஸ்ல சேந்துட்டீங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேலி பேசினால் மாடுகள் பத்திரம் என்று அர்த்தம்.

புகை முழுக்க அடங்கிய பிறகு மீசை சார் அவரிடம் வந்தார். "அம்மா, ரெண்டாவது போர் தப்பிச்சுது. ஈரம் காய வெச்சிட்டா மாடு தின்னும். பயப்படாதீங்க."

ரத்னம்மா தலையாட்டினார். பிறகு மூக்கைச் சுருக்கினார். ஊரெல்லாம் வைக்கோல் புகை, உடம்பெல்லாம் கரி, அதற்கு நடுவிலும் அந்த அம்மாவுக்கு மூக்கு வேலை செய்கிறது!

"சார், உங்க மேல பிரியாணி வாசன வருதே?"

மீசை சார் என்னைப் பார்த்தார். டிரைவர் என்னைப் பார்த்தார். பாஷா பார்ப்பதோடு நிற்கவில்லை, கையை வேறு காட்டினார். சோறு தின்ற கை!

மறைத்து என்ன பயன்? எல்லாவற்றையும் சொன்னேன். மெத்தை, புதுநன்மை, டேபிள், நல்லி எலும்பு வரை. சார் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னார், நாங்கள்தான் விடவில்லை என்பதையும் சொன்னேன்.

"ஹௌதா?" என்றார் ரத்னம்மா. அப்படியா என்பதுதான். ஆனால் அதை அவர் சொன்ன விதத்தில், நான் மாடாக இருந்தால் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருப்பேன்.

சுமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ரத்னம்மா மெதுவாகத் திரும்பி மூணாவது ஊர் ஆட்களைப் பார்த்தார். வரப்பு ஓரமாக உட்கார்ந்து பைப்புத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். "நீங்க சாப்டீங்களாப்பா?"

"இல்லம்மா" என்றார் அவர்களில் மூத்தவர். "வேற ஊர் ஸ்டேஷன்ல போயி நின்னோம். திரும்பிப் போங்கன்னாங்க, போனோம். பாதி வழியில இங்க போங்கன்னாங்க, வந்தோம். சாப்பாட்டு டப்பா எங்க ஸ்டேஷன்லியே இருக்குது."

எனக்கு அங்கேதான் உறைத்தது. எங்கள் தெருவுக்கு வந்து தண்ணீர் அடித்தவர்களுக்கு இலை போட்டோம். சரி. ஆனால் அவர்கள் வருவதற்காக இன்னொரு ஊரில் ஒரு வண்டி நகர்ந்து உட்கார்ந்ததே... அதில் இருந்தவர்களை நாங்கள் பார்க்கவே இல்லை. எங்கள் நெருப்பை அவர்கள் தொடவில்லை. வண்டி வெளியே போய்விட்ட ஒரு ஊரைக் காவல் காத்ததுதான் அவர்கள் வேலை. அந்த வேலையில் புகையும் கிடையாது, கூட்டமும் கிடையாது, கை தட்டலும் கிடையாது. அவர்கள் அங்கே நின்றிருந்த வரை எல்லாம் சரியாக இருந்தது. நாங்கள் அன்பாக ஒரு டேபிளைப் போட்டு அந்தச் சங்கிலியைக் கழற்றிவிட்டோம்.

கண்ணுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு நன்றி சொல்வது சுலபம். அவனுக்குப் பின்னால் நகர்ந்து இடம் விட்டவனை யார் தேடுகிறார்கள்? வீட்டு விசேஷத்திலேயே பாருங்களேன், மேடையில் மாலை போடுகிறவனுக்கு போட்டோ, அவன் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிட்டவளுக்கு மிச்சச் சோறு. இது தீயணைப்பு வண்டி கதை மட்டும்தானா?

ரத்னம்மா என்னைவிடக் கெட்டிக்காரி. டேபிள் போடவில்லை, பாய் விரிக்கவில்லை. உள்ளே போய், காலையில் கிளறிய களி உருண்டைகளையும் அவரைக்கொட்டைச் சாறையும் இரண்டு தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு வந்தார். மூணாவது ஊர் வண்டியின் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார்.

"ஸ்டேஷன்ல போயி சாப்டுங்க. இங்க குந்தாதீங்கப்பா. குந்தினா எங்க சம்பந்தி உங்கள வுட மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மீசை சார்தான் சத்தமாகச் சிரித்தார். சுமதியும் சிரித்துவிட்டாள். எனக்கு அது போதும்.

இரண்டு வண்டியும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பின. இந்த முறை யாரும் நடுவில் நிற்கவில்லை.

இந்த வாரம் நானும் ஸ்டெல்லாவும் அங்கே போயிருந்தோம். பக்கத்து ஊர்களிலிருந்து ஒவ்வொரு வீட்டாரும் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கோல் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். யாரும் கேட்டு வாங்கவில்லை, போர் எரிந்தால் இங்கே அப்படித்தானாம். எங்கள் பங்குக்குக் கொடுக்க எங்கள் ஊரில் வைக்கோல் ஏது? உடம்பால் உழைக்கலாம் என்று போனோம். ஸ்டெல்லா நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து வைக்கோலைத் தலைகீழாக அடுக்கினாள், அரை மணி நேரத்தில் எங்கள் இருவரையும் மரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். "நீங்க பேசிகினே இருங்க, அது போதும்" என்றான் மாப்பிள்ளை.

கிளம்பும்போது ஸ்டெல்லா கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பெரியம்மா, மனசுல வெச்சிக்காதீங்க. இனிமே எங்க தெருவுல எங்க நெருப்பு புடிச்சாலும் மொதல்ல உங்களுக்குத்தான் போன்."

ரத்னம்மா புதுப் போரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நெருப்பு புடிச்சா சொல்ல வேணாம்மா. அடுப்புல அண்டா ஏத்தறப்போ சொல்லு. நான் போர நனைச்சி வெச்சிக்கிறேன்."